குரல் போன வாரம்

ஜெயசீலிக்குத் தொண்டை போனது செவ்வாய்க்கிழமை. பிலோமினாவுக்குப் பரீட்சை அடுத்த திங்கட்கிழமை. நாள் பார்த்துக் கெடுப்பதில் கடவுளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

பரீட்சை என்றால் ஊரே எழுதுகிற பரீட்சை இல்லை. பத்து வார்த்தை, அவ்வளவுதான். கோயில் பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டரின் அறை வாசலில் மூன்று வருஷமாக நின்று நின்று ஜெயசீலி வாங்கி வந்த வரம் அது. "நான் பத்து வார்த்தை சொல்வேன். ஆறு சரியா எழுதினாப் போதும், மூணாம் வகுப்புல உட்கார வெக்கிறேன். எழுதலேன்னா, புத்தி வளராத பிள்ளைங்களுக்குன்னு வேலூர்ப் பக்கம் ஒரு விடுதி இருக்கு. அங்க விட்டுடணும். அப்புறம் இங்க வந்து நிக்கக் கூடாது" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். எட்டு வயசுப் பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு வந்து ஜெயசீலி எப்படிச் சோறு தின்பாள்? பத்துக்கு ஆறு. அந்த ஆறில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

இது எண்பத்தேழில் நடந்தது. பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ஒரு வரிசை வாடகை வீடுகள். அதில் மூன்றாவது ஜெயசீலியுடையது. புருஷன் எட்மண்ட், எஸ்டேட் என்று சொல்கிற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை மிஷினுக்குள் வைத்து மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி டமார் என்று வெட்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் டமார், பக்கத்து மிஷின்களோடு சேர்த்தால் கணக்கே கிடையாது.

பிலோமினா ஒரே பெண். ஒரு வயசில் 'மா', 'பா' என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து கண் செருகியது. பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு அந்த 'மா'வோடும் 'பா'வோடும் நின்றுவிட்டது. காய்ச்சல் மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள். ஒருவர் சொன்னால் பரவாயில்லை, தெருவே சொன்னது. அம்பத்தூரில் இரண்டு பள்ளிக்கூடம், கொரட்டூரில் ஒன்று, மூன்றும் கையை விரித்தன. "ஊட்டுலயே வெச்சி பாத்துக்கமா" என்று ஒரு பியூன்கூட அறிவுரை சொல்லி அனுப்பினான்.

ஜெயசீலி எஸ்.எஸ்.எல்.சி. முதல் வகுப்பு. ரோஷக்காரி. "உங்க பள்ளிக்கூடம் எனக்கெதுக்கு?" என்று வீட்டின் முன்னறையிலேயே பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். அதுவும் சும்மா இல்லை. காலை ஒன்பதரைக்கு மணி, ஜெபம், ஒரே ஒரு பெயர் எழுதிய வருகைப் பதிவேடு. பாயில் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பலகை, பலப்பம், மர ஸ்கேல். பத்தரை மணிக்கு ஒன்றுக்கு விடுவாள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பள்ளிக்கூடம் லீவு விட்டதில்லை, பெரிய வெள்ளி நீங்கலாக.

பிள்ளையும் மோசமில்லை. எழுதிப் போட்டால் அச்சுப்போல எழுதுவாள். கூட்டல் கழித்தல் பிசகாது. படத்தைக் காட்டினால் கீழே பெயர் எழுதிவிடுவாள். எல்லாம் சொல்வதை எழுதுகிற பாடத்தில்தான் போய் முட்டிக்கொண்டது. எதிரில் உட்கார்ந்து சொன்னால் ஏதோ எழுதும். ஆனால் சொல்கிற வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். "வாயைப் பாத்து எழுதறதுக்குப் பேர் காப்பி. பலகையைப் பாரு!" என்று ஜெயசீலி பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்மார்கள் அப்படித்தான் பின்னால் நடந்துகொண்டே சொல்வார்கள். தலைமை சிஸ்டரும் அப்படித்தான் சொல்லப்போகிறார். பின்னால் போனதும் எல்லாம் பாழ். ஒரு எழுத்து வராது. திரும்பித் திரும்பிப் பார்க்கும். திரும்பினால் ஒரு குட்டு. முன்னால் வந்து பார்த்தால் பலகை வெறுமையாக இருக்கும். "முட்டி போடு." அடியாத மாடு படியாது என்பதில் ஜெயசீலிக்கு அசையாத நம்பிக்கை.

காதில் கோளாறு இருக்குமோ என்று யாருமே நினைக்கவில்லையா என்றால், நினைக்க வழியே இல்லை. ரயில் வருவது அந்த வரிசையில் முதலில் தெரிவது பிலோமினாவுக்குத்தான். இவர்களுக்குச் சத்தம் எட்டுவதற்கு முன்பே அவள் எழுந்து போய், புழுதி வராமல் ஜன்னலைச் சாத்திவிடுவாள். "எம் பொண்ணுக்குப் பாம்புச் செவி" என்று எட்மண்டே பெருமையாகச் சொல்லுவான்.

அவனுக்கும் மகளுக்கும் தனிப் பேச்சு ஒன்று இருந்தது. பிரஸ் ஷாப்பில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைதான். உதட்டருகே இரண்டு விரல் வைத்தால் டீ, தோளுக்கு மேல் கட்டைவிரல் போனால் சூப்பர்வைசர் வருகிறான், உள்ளங்கையில் முஷ்டி குத்தினால் மிஷின் நின்றுபோச்சு. பிலோமினா இதையெல்லாம் தண்ணிபட்ட பாடாகக் கற்றுவைத்திருந்தாள். சாயங்காலம் அப்பனும் மகளும் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஜெயசீலிக்கு அது பிடிக்காது. பாடம் நடக்கும்போது கை எழுந்தால் ஸ்கேல் இறங்கும். கையைக் கட்டு என்றால் கட்டத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து அவள் பின்னால் நின்று கத்த ஆரம்பித்தாள். பசு! மரம்! குடை! ஞாயிறு முழுக்க, திங்கள் முழுக்க. செவ்வாய்க்கிழமை காலையில் வாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. எஸ்டேட் ரோட்டு டாக்டர் பரந்தாமன் டார்ச் அடித்துப் பார்த்தார். "புண்ணாக்கி வெச்சிருக்கீங்க. ஒரு வாரம் வாயத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. பேசினா அப்புறம் குரல் வராமலே போனாலும் போயிடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி மிளகுப் பாலோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, பச்ச புள்ளைய வெச்சிகினு இப்டியா கத்துவ? எங்க ஊட்ல கீற கிளியே பசு, மரம்னு சொல்லுது" என்றாள். பால்காரர் கேட்டார், தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் கேட்டார்கள். கட்டின புருஷன் மட்டும் கேட்கவில்லை. சோறு போடவா என்று வாயசைத்தாள், போடு என்றான். நாளைக்கு எந்த ஷிஃப்டு என்றாள், காலையில தான் என்றான். பெண்டாட்டியின் தொண்டை போனதைக் கவனிக்கிற புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று ஜெயசீலியும் விட்டுவிட்டாள்.

செவ்வாயும் புதனும் பார்த்து எழுதுவதும் கணக்குமாகப் பள்ளிக்கூடத்தை ஓட்டினாள். வியாழக்கிழமை மனசு கேட்கவில்லை. பரீட்சைக்கு நாலே நாள். குரல் இல்லாமல் பின்னால் நின்று என்ன பிரயோஜனம் என்று எதிரில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் 'பசு' என்று வாயை அசைத்தாள். பிலோமினா பலகையில் பசு என்று எழுதினாள். ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. 'குடை' என்றாள். குடை வந்தது. ரயில், சோறு, தட்டு. பத்துச் சொன்னதில் எட்டு சரி. எட்டு! ஆறு கேட்ட இடத்தில் எட்டு!

பலகையைத் தூக்கிக்கொண்டு சாமுண்டீஸ்வரி வீட்டுக்கு ஓடினாள். அவள் தன் மூன்று மாதக் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். 'எட்டு எழுதிட்டா, பாரு, எட்டு' என்று ஜெயசீலி வாயை அசைத்து அசைத்துச் சொன்னாள்.

"இன்னாக்கா சொல்ற? நீ பாட்டுக்கு சத்தமில்லாம வாய ஆட்னா எனுக்கு இன்னா புரியும்? எழுதிக் காட்டு."

ஜெயசீலி எழுதப் போனாள். பலப்பம் பாதியில் நின்றது. சாமுண்டீஸ்வரிக்கு முப்பது வயசு ஆகிறது, ரேஷன் கடைக்காரனையே வாயால் கவிழ்க்கிறவள். அவளுக்கே புரியவில்லை. மூளையைக் காய்ச்சல் தொட்ட பிள்ளைக்கு எப்படி எட்டு வார்த்தை புரிந்தது? புரிந்தது கிடக்கட்டும். அம்மாவின் குரல் காணோமே என்று அந்தப் பிள்ளை ஏன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை? செவ்வாய்க்கிழமையிலிருந்து?

வீட்டுக்கு வந்தாள். பிலோமினா குனிந்து ரயில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசீலி சமையற்கட்டிலிருந்து தோசைக்கல்லையும் இரும்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் பின்னால் போய் நின்றாள். கல்லைக் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் தூக்கிப் பிடித்து ஓங்கி அடித்தாள். அவளுக்கே காது அடைத்தது. பக்கத்து வீட்டுத் தூளியில் குழந்தை வீறிட்டது. "இன்னாக்கா அது?" என்று சாமுண்டீஸ்வரி கத்தினாள்.

பிலோமினா ரயிலுக்கு மூன்றாவது பெட்டியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தரம் அடித்தாள். இன்னொரு தரம். பிள்ளை நாலாவது பெட்டி போட்டது. பிறகு சட்டென்று பலப்பத்தை வைத்துவிட்டு எழுந்தது. ஜெயசீலிக்கு உயிர் வந்தது, அப்பாடா கேட்டுவிட்டது! பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னலுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ரயில் வருகிறது. இதுநாள்வரை ஜெயசீலி கவனிக்காதது, பாயை விட்டு வெறும் சிமெண்டுத் தரையில் கால் வைத்தபோது தெரிந்தது. தரை லேசாக அதிர்ந்தது. சுவரைத் தொட்டாள், சுவரும் அதிர்ந்தது. பாம்புச் செவியாம். பாம்புக்குச் செவி எங்கே இருக்கிறது?

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. இடி விழுந்த மரத்துக்கு அழத் தெரியுமா? நாலு வருஷம். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாத திமிருக்கு எத்தனை அடி. பின்னால் நின்று சொன்ன வார்த்தை எத்தனை ஆயிரம். ஒவ்வொரு வெற்றுப் பலகைக்கும் ஒரு முட்டி. போன சனிக்கிழமைகூட முட்டி போட்டுப் போட்டு இடது முட்டியில் தோல் உரிந்து, தேங்காய் எண்ணெய் தடவினாளே, அதுவும் இதே கைதான். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து, என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கியது. ஜெயசீலியால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் எட்மண்ட் வந்தான். கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். "எட்மண்ட் அண்ணாத்தே!" என்று சாமுண்டீஸ்வரி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு முகத்தில் தண்ணீர் அடித்தான். "அண்ணாத்தே! உன்னியத்தான்!" மூன்றாவது தடவை அவள் ஒரு குச்சியை விட்டெறிந்தபோது திரும்பி, "இன்னாமா, ஏதோ யோசனைல கீறேன்" என்று சிரித்தான். எத்தனையோ தடவை சொன்ன பதில். ஜெயசீலி கொல்லைப்படியில் நின்று அதைக் கேட்டாள். செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளாக இவனோடு வாயை மட்டும்தானே அசைத்துக்கொண்டிருக்கிறாள்!

பலகையை எடுத்தாள். 'என் குரல் போய் மூணு நாள் ஆச்சு. உங்களுக்குத் தெரியுமா?' என்று எழுதி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவன் படித்தான். அவள் வாயைப் பார்த்தான். மறுபடி படித்தான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"தெர்யாது" என்றான்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "நாலு வருசமா கீது. மொதல்ல ஒரு காது, அப்பால ரெண்டும். உன் மூஞ்சியப் பாத்தா புரிஞ்சிக்குவேன். பாக்காங்காட்டி ஒண்ணும் இல்ல."

ஜெயசீலி பலகையைத் துடைத்துவிட்டு எழுதினாள். 'பிலோவுக்கும் கேட்காது.'

இதைப் படித்ததும் அவன் திடுக்கிடுவான் என்று நினைத்தாள். அவளைப்போலவே தரையில் சரிந்து உட்காருவான், தலையில் அடித்துக்கொள்வான் என்று நினைத்தாள். எட்மண்ட் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான். பாம்பின் கால் பாம்பறியும். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் ஜெயசீலிக்குப் புரிந்துவிட்டது. பலகை கையிலிருந்து நழுவியது.

அவன் தோளைப் பிடித்து உலுக்கி, முகத்தை நிமிர்த்தி, 'எப்போ தெரியும்?' என்று வாயசைத்தாள்.

"ரெண்டு வருசமா. அதுவும் என்னிய மாரியே மூஞ்சியத்தான் பாக்குது. எனுக்குத் தெரியாதா?"

'ஏன் சொல்லல?'

"சொன்னா டாக்டராண்ட இட்டுகினு போவ. ஊட்ல வேற யாருக்கு கீதுன்னு அவன் கேப்பான், என்னியும் பாப்பான். கம்பெனிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். எங்கூட மிஷின்ல நின்ன கோவிந்தன போன வருசம் கம்பெனிக்காரன் இதுக்குத்தான் ஊட்டுக்கு அனுப்சான். காது கேக்காதவன் பிரஸ்ல கைய உட்ருவான்னு சொல்லிட்டான். எனுக்கு வேற இன்னா வேல தெரியும் சொல்லு?"

ஜெயசீலிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த வீட்டில் யாருக்குக் கேட்கப் போகிறது? பிள்ளை முட்டி போடும்போதெல்லாம் அவன் பீடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் போய்விடுவான். பெற்ற மனசு, பார்க்கச் சகிக்காமல் போகிறான் என்று இவள் பெருமைப்பட்டிருக்கிறாள். தெரிந்தே போயிருக்கிறான். தான் செய்தது தெரியாமல் செய்த பாவம். அவன் செய்தது? கீழே கிடந்த பலகையை எடுத்து, 'நாளைக்கு சென்ட்ரல் எதிர்ல பெரிய ஆஸ்பத்திரி. காதுதான் கோளாறுன்னு எழுதி வாங்கி சிஸ்டர்கிட்ட காட்டணும். நீங்களும் வரணும். எல்லாம் சொல்லணும்' என்று எழுதி அவன் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு எட்மண்ட் காக்கி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரோடு முன்னறைக்கு வந்தான். சரி, இதுதான் பதில் என்று ஜெயசீலிக்கு விளங்கிவிட்டது. சண்டை போடத் தெம்பு இல்லை. தனியாகவே அழைத்துப் போவாள், யார் தடுக்க முடியும்? ஆனால் அதற்கு முன் பிள்ளையிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது? மன்னிப்பு என்ற வார்த்தையை நாலு வருஷத்தில் அவள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, மர ஸ்கேலைப் பிலோமினாவின் கையில் கொடுத்து, தன் உள்ளங்கையை நீட்டினாள். அடி.

பிலோமினா ஸ்கேலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஓ, இன்றைக்கு நான் டீச்சரா! அம்மாவின் நீட்டிய கையை மடக்கி, இன்னொரு கையோடு சேர்த்துக் கட்டிவைத்தாள். பலகையை எடுத்து எதிரில் வைத்தாள். புருவத்தை நெரித்து முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டாள். அது அச்சு அசல் ஜெயசீலியின் முகம்.

பிறகு பின்னால் போனாள்.

ஜெயசீலி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு முனகல் இல்லை, உதடு பிரிகிற சத்தம்கூட இல்லை. சின்னக் கால்கள் இப்படி நாலு அடி, அப்படி நாலு அடி நடப்பது மட்டும் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. முன்னால் பார்த்தாள். மறுபடி நடை. வெகு நேரம். பிறகு பிலோமினா முன்னால் வந்து, பலகையைக் குனிந்து பார்த்தாள். வெறும் பலகை. சேச்சே என்று தலையை ஆட்டினாள். ஸ்கேலால் தரையைக் காட்டினாள். முட்டி போடு.

அவளுக்குத் தெரிந்த பாடம் இதுதான். அம்மா பின்னால் போவாள். அங்கே ஏதோ செய்வாள், என்னவென்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, வெறும் பலகையைப் பார்த்துக் கோபித்துக்கொள்வாள், அடிப்பாள். அங்கே வார்த்தைகள் சொல்லப்படுகின்றன என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமலே நாலு வருஷம், தினமும் ஒன்பதரைக்கு, மணியடிக்கிற அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, பாயில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஜெயசீலி முட்டி போட்டாள். கண்ணிலிருந்து கொட்டியது. இது விளையாட்டில் சேர்த்தி இல்லையே என்று பிலோமினா பயந்துபோய் ஸ்கேலைக் கீழே வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். எட்மண்ட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

எஸ்டேட்டில் எட்டு மணிச் சங்கு ஊதியது. அந்த அறையில் அது ஜெயசீலிக்கு மட்டும்தான் கேட்டது.

எட்மண்ட் டிபன் கேரியரைத் தரையில் வைத்தான். காக்கிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"சென்ட்ரலுக்கு எத்தினி மணிக்கு வண்டி?" என்றான்.

அவனை மன்னிப்பதைப் பற்றி ஜெயசீலி இன்னும் யோசிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எட்டே முக்கால்' என்று வாயசைத்தாள். அப்பனும் மகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.